தகர நாரை

ஆரஞ்சுக் குடை உயர்ந்தால் அது சுல்ஹுமோர்.
பின்னால் நாங்கள், பதினேழு தொப்பிகள்.
புகாராவில் காலை எட்டுக்கே
செங்கல் கொதிக்கத் தொடங்கிவிட்டது.

"ஆயிரத்து நூற்று இருபத்தேழு" என்று
மினாரின் கழுத்தைக் காட்டினாள்.
கைப்பேசி அதிர்ந்தது.
திரும்பி நின்று, தாழ்ந்த குரலில்
உஸ்பெக்கில் நாலு சொல்.
"வீட்டில் யாருக்கோ முடியவில்லை போல,"
என் காதில் சொன்னார்
போலந்துப் பல் மருத்துவர் விட்டோல்ட்.

கோட்டை வாசலில் மறுபடி.
மதரஸாவின் நீலத்தடியில் மறுபடி.
செங்கிஸ்கானுக்கும் தைமூருக்கும் நடுவே
ஒருமுறை கத்தியே விட்டாள்.

கொரியத் தம்பதி தண்ணீர்ப் புட்டியை நீட்டினர்.
நான் கேள்வி கேட்பதை நிறுத்தினேன்.
குளங்கள் வற்றி, நாரைகள் போன கதைக்கு
விட்டோல்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்;
கூட்டில் இப்போது நிற்பது
தகர நாரை.

மாலை, முசுக்கொட்டை நிழலில்
தேநீர் ஆறுமுன் துணிந்து கேட்டேன்.
சிரித்தாள், தங்கப்பல் ஒன்று தெரிய.
"ஃப்ரிட்ஜ். கம்ப்ரசர் போய்விட்டது.
ஒன்பது மணியிலிருந்து மெக்கானிக்
வாசலில் நிற்கிறான்.
மாமியாருக்கு அவன் முகம் பிடிக்கவில்லையாம்,
கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்.
உள்ளே ஆறு கிலோ ஆட்டிறைச்சி."

பேருந்தடியில் தலைகளை எண்ணினாள்.
பதினாறு.
விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி பதினாறு.
விட்டோல்ட் இன்னும் அங்கேயே
அண்ணாந்து தகரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

கைப்பேசி அதிர்ந்தது.
அவள் காதில் வைக்குமுன்
பதினாறு பேரும் ஒரே குரலில்,
ஆளுக்கொரு மொழியில்:
"திறந்தாரா?"