கட்டுப்பாட்டில் இல்லை

பரநாகுவாவில் சோயாப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு
கெண்ட் துறைமுகத்துக்குப் புறப்பட்டது வெர்னா க்ரெஸ்ட்.
நீளம் நூற்றுத் தொண்ணூறு மீட்டர்.
நீருக்குள் பத்தரை.
போய்ச்சேரும் ஊரின் பெயரை
யாரோ ஒரு மாலுமி எழுத்துப்பிழையோடு தட்டியிருந்தான்.
அந்தப் பிழையைப் பார்த்துத்தான்
உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பினேன்.

எனக்கும் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.
ஃப்ளிஸிங்கனில் ரொட்டி அடுப்பு, இரவு வேலை.
இரண்டு வருடம் முன்பு ஒரு விடியலில்
கடற்சுவர் ஓரமாக வீட்டுக்கு நடக்கையில்
இதே கப்பல் கடந்து போனது.
பின்தளத்துக் கொடியில் தொங்கிய ஜீன்ஸ் ஒன்று
காற்றில் தலைகீழாக உதைத்துக்கொண்டிருந்தது.
பெயரைக் குறித்துக்கொண்டேன்.
அதன் அடியில் பழைய பெயர்,
பெயிண்ட் பூசியும் அடங்காமல் புடைத்திருந்தது: ஓசுமி லார்க்.
எத்தனை கை மாறினாலும் எண் மாறாதாம். ஏழு இலக்கம்.
தங்கை மகனின் பிறந்தநாள் எனக்கு மறந்துபோகும்.
இது மறப்பதில்லை.

பிரேசில் கரை மறைந்ததும் அம்பு சாம்பல் நிறமாகிவிட்டது.
கடைசியாகக் கண்டது ஒரு நாள் முன்பு,
நாலு நாள் முன்பு,
ஒன்பது நாள் முன்பு.
செயற்கைக்கோள் பார்வைக்குத் தனிக் கட்டணம்.
அதையும் கட்டினால் அது ஆசையில்லை, வியாதி
என்றாள் யாகோமின்.
அவள் பிசைவாள், நான் சுடுவேன்.
"காதலன் யாராவது இருக்கிறானா அதில்?"
இல்லை. ஒருவரையும் தெரியாது.
அதை எப்படிச் சொல்ல?
ஒன்பது நாளும் திரையில் கடல் காலியாக இருந்தது,
கடல் ஒரு நாளும் காலியாக இருக்கவில்லை.

கேனரித் தீவுகளுக்குத் தெற்கே பச்சையாக முளைத்தது அம்பு.
அன்று யாகோமினுக்கு நான் காபி வாங்கினேன்,
காரணம் சொல்லாமல்.

பிறகு ஃபினிஸ்டெர் முனைக்கு அப்பால்
ஒரு வியாழன் இரவு, இரண்டு நாற்பதுக்கு,
வேகம்: பூஜ்யம் புள்ளி ஆறு.
நிலை: கட்டுப்பாட்டில் இல்லை.
இரண்டே சொல். வயிற்றில் புளியைக் கரைத்தது.
மூக்கு வடகிழக்கு பார்க்கிறது,
உடம்பு தென்கிழக்கே நழுவுகிறது, கரைப்பக்கம்.
இயந்திரமா? சுக்கானா?
பக்கத்தில் வந்த டேங்கர் ஒன்று வளைந்து போனது,
தெருவில் விழுந்துகிடப்பவனை விலகிப்போகிற மாதிரி.
மாவுக்கையால் திரையை விரித்து விரித்துப் பார்த்தேன்.
பெரிதானது கடல்தான்.

அடுப்பில் நாற்பத்தெட்டு போலஸ்,
பட்டையும் சர்க்கரையும் சுருட்டிய எங்கள் ஊர்ப் பலகாரம்,
கரிக்கட்டை.
முதலாளி அத்ரி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
என்ன ஆயிற்று என்று கேட்டார்.
இயந்திரக் கோளாறு என்றேன்.

ஏழு மணி நேரம் கழித்து
பதினொன்றரை நாட் வேகத்தில் நகர்ந்தது.
ஏன் நின்றது, எது சரியானது,
யார் முழங்கைவரை எண்ணெயில் கிடந்தார்கள்,
அதற்கெல்லாம் திரையில் கட்டம் கிடையாது.

திங்கள் காலை, ஒன்பதே காலுக்கு வந்தது.
சிறு படகு ஒட்டிக்கொண்டது.
கடல் வழிகாட்டி இறங்கினார், ஆற்று வழிகாட்டி ஏறினார்.
தூங்கப் போகாமல் பெஞ்சில் நான், தொலைநோக்கியோடு.
பச்சை உடம்பில் புதுத் துரு,
நங்கூரத்துக்குக் கீழே தாடி மாதிரி.

பின்தளத்தில் ஆரஞ்சு உடுப்பில் ஒருவன்.
அன்று இரவு இயந்திர அறையில் கிடந்தவனா,
ஒன்றும் அறியாமல் தூங்கினவனா,
எழுத்துப்பிழைக்காரனா?
கையை ஆட்டலாமா என்று நான் யோசிப்பதற்குள்
அவன் போனை எடுத்து
என் பக்கமாகப் பிடித்தான்.
அடுக்குமாடிகள், பழைய காற்றாலை, ஒரு பெஞ்சு,
பெஞ்சில் யாரோ ஒருத்தி.
இந்நேரம் எங்கோ ஒரு வீட்டுக்கு அது போயிருக்கும்,
"இது எந்த ஊரோ தெரியவில்லை" என்ற வரியோடு.

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
சட்டையில் இருந்த மாவைத் தட்டிவிட்டேன்.