நார்மல் ஃப்ளோரா

கல்மண்டபம் ரோட்டில், ஐஸ் கம்பெனிக்கு எதிர்ச் சந்தில்
எங்கள் லேப்.
ஷட்டர் முழுதாக ஏறுவதற்குள் வந்துவிடுகின்றன டப்பாக்கள்,
கறுப்புப் பைக்குள் ஒரு பை,
அதற்குள் இன்னொரு பை.

குழாயில் சாக்கடை கலந்த வாரம்.
தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
கொண்டுவந்ததை யாரும் பெயர் சொல்லித் தருவதில்லை.
மோஷன் என்கிறார் பேங்க்காரர்.
மீன் ஏலக்காரர் "அது" என்கிறார்,
டப்பாவையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல்.

அதற்குள் வாழ்வதற்கோ ஆளுக்கொரு பெயர்.
பூச்சி, பெரும்பாலும் பூச்சி.
"பூச்சி கீதா பாரும்மா."
காலில்லை, சிறகில்லை,
ஆனாலும் பூச்சி.
கிருமி என்று சொல்கிறவர்கள் கையில் சானிடைசர் இருக்கும்.
அந்தச் சொல்லைக் கேட்டாலே
எதையாவது கொல்லத் தோன்றுகிறது.
நுண்ணுயிரி, ப்ளஸ் டூவில் நான் மனப்பாடம் செய்தது.
மெதுவாகச் சொன்னால்
நடுவில் உயிர் இருப்பது கேட்கும்.

ஈ.கோலை என்று ரிப்போர்ட் கொடுத்த அன்று
ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பி வந்து கேட்டார்:
ஈயா, கோலியா,
எதை முழுங்கினேன்?

முதலாளிக்கு ரிப்போர்ட்டில் தமிழும் வேண்டுமாம்.
கலைச்சொல் புத்தகம் ஒன்றை மேசையில் போட்டுப் போனார்.
கல்ச்சருக்கு நேராக முதலில் கண்ணில் பட்டதை அடித்தேன்:
மலப் பண்பாடு.
முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும்.
சிரித்து முடித்து, வளர்ப்பு என்று மாற்றினேன்.

அடுத்த சொல் காலனி.
தட்டில் பனித்துளி போல ஒட்டி வளர்கிற கூட்டத்துக்கு
உலகமெங்கும் அதுதான் பெயர்.
பொன்னேரிப் பக்கம் நான் பிறந்த இடத்துக்கும்
ஊர் வைத்திருந்த பெயர் அதுதான்.
அதைச் சொன்ன வாய்கள்
எனக்கு டீயைத் தனி டம்ளரில் தந்தன.
கை கொஞ்சம் நின்றது.
குடியிருப்பு என்று போட்டேன்.

அவை தங்கியிருக்கும் உடம்புக்கு ஓம்புயிர்.
ஓம்புதல். விருந்தை, பிள்ளையை, நோயாளியை.
இந்தப் புத்தகத்தை எழுதியவர்களில்
யாரோ ஒருவர் நல்லவர்.

ஃப்ளோராவில்தான் மாட்டிக்கொண்டேன்.
குடல் தாவரம் என்கிறது புத்தகம்.
விதையை முழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று
பயந்து அழுத வயது ஞாபகம் வந்தது.
ஆங்கிலத்தை அப்படியே தமிழில் அடித்துவிட்டேன்:
நார்மல் ஃப்ளோரா.

பெர்க்மான்ஸ் வந்தார். விசைப்படகு மெக்கானிக்,
நகத்தில் டீசல்.
காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.
"இன்னாமா, என் வூட்டுக்காரி பேரு இதுல வந்துகீது?"
இல்லண்ணே, அது வேற.
"ஃப்ளோரா நார்மல்னு போட்டுகீது.
அது என்னிக்கு நார்மலா இருந்திச்சு?"
பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்
இப்போது வேறு காரணத்துக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளே எப்பவும் இருக்கறதுங்க, என்றேன்.
கோடிக்கணக்குல. இருக்கணும். இல்லன்னாதான் கஷ்டம்.
யோசித்தார்.
"குடித்தனக்காரங்க."
ஆமாம்.
"வாடகை?"
நாம தின்னறதுல கொஞ்சம். பதிலுக்கு வேலை செய்யும்.
"நம்ம ஹவுஸ் ஓனருக்கு இது தெரியுமா?" என்றார்.

பிறகு சொன்னார்,
ஃப்ளோராவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதாம்,
இன்றைக்கோ நாளைக்கோ.
பொறக்குறப்பவே பிள்ளைக்கு அம்மாகிட்டேர்ந்து
முதல் குடித்தனம் வந்துடும்ணே, என்றேன்.
"அதுக்கு இன்னா பேரு?"

புத்தகத்தைப் புரட்டினேன்.
அவர் அதற்குள் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்,
அவளிடம் காட்ட வேண்டுமாம்.

முதலாளி மாலையில் வந்து
'குடித்தனக்காரர்கள்: வழக்கம்போல்' என்பதை
சிவப்பு மையால் அடித்தார்.
குடியிருப்பு அவர் கண்ணில் படவில்லை.

கவுண்டரில் அடுத்த கறுப்புப் பை.
பூச்சியா பாரும்மா.
பார்க்கிறேன்.