படம் 14.3

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில்
செவிலியர் பயிற்சிப் புத்தகத்துக்குப்
பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன்.
படம் 14.3. பெண்ணின் புற உறுப்புகள், முன்தோற்றம்.
ஒன்பது கோடுகள், எட்டுப் பெயர்கள்.
உச்சியில் புறப்பட்ட ஒரு கோடு
ஓரம்வரை வந்து
வெறுங்கையோடு நின்றது.

எழுதியவருக்குப் போன் போட்டேன்.
"அந்தக் கோட்டை அழிச்சிடும்மா,
பரீட்சைக்கு வராது."
மவுஸ் மேலிருந்த விரல் அழுத்தவில்லை.
பக்கத்து மேசையில்
கொலுசுக்கடை விலைப்பட்டியலுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்த நசீமா
எட்டிப் பார்த்தாள்:
"பேரில்லாததுக்கா அக்கா
இத்தனை நீளக் கோடு?"

எனக்கு முப்பத்தொன்பது.
பிள்ளைகள் இரண்டும் வந்த வழி தெரியும்.
தீட்டு வரும் வழி தெரியும்.
மூத்திரத்துக்குத் தனி வழி என்பதையே
அந்தப் படத்தில்தான் உறுதி செய்துகொண்டேன்.
இன்னொன்று,
எதையும் வெளியே அனுப்பாதது,
எதையும் உள்ளே வாங்காதது,
சுகப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லாதது
என்னிடமும் இருப்பதை
ஒருத்தரும் சொன்னதில்லை.
"அங்க" என்பார்கள். "கீழ" என்பார்கள்.
அதற்குமேல் வழி சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் விடுப்பு.
கதவைத் தாழிட்டு
வையாபுரியின் சவரக் கண்ணாடியை எடுத்தேன்.
வெட்கம் ஒரு நிமிஷம்.
பிறகு பிழை பார்க்கிறவளின் கண்.
வெளி இதழ், உள் இதழ்.
படத்தில் போல இரண்டு பக்கமும் ஒன்றல்ல,
இடது சற்று நீளம், ஓரம் கறுப்பு.
பூ என்று எழுதுகிறவர்கள்
பார்த்திருக்க மாட்டார்கள்.
அது அது மாதிரிதான் இருந்தது.
மேலே, இதழ்கள் சேருமிடத்தில்
சின்ன முக்காடு.
ஒதுக்கினால், உளுந்தளவு.
தொட்டேன்.
கோடு எங்கே போய் முட்டுகிறதென்று
உள்ளங்காலுக்குத் தெரிந்தது.

பதினாறு வருஷக் கல்யாணம்.
வையாபுரி கெட்டவன் இல்லை.
முடிந்ததும் "ஆச்சா?" என்று கேட்பான்.
"ஆச்சு" என்பேன்,
அரிசி ஊறியாச்சா என்றால் சொல்வதுபோல.

கோடை விழாக் கூட்டம் ஓய்ந்தபின்
ஏற்காட்டுக்குக் கிளம்பினோம்.
ஒன்பதாவது கொண்டை ஊசியில்
பைக் சூடேறி நின்றது.
சுவரில் உட்கார்ந்து
பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினேன்.
"வெளிய தெரியிறது இவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் உள்ள.
ரெண்டு காலு, ரெண்டு குமிழு,
வழிய அணைச்சாப்பல."
வெள்ளைக்கல் சுரங்கத்தில்
வெடி வைத்துப் பழகியவன்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
கீழே வெளுத்துக் கிடந்த கரட்டைக் காட்டி,
"அங்கயும் அப்படித்தான்.
மேலாக்க விரக்கடை தெரியும்,
உள்ள கெளை கெளையா ஓடும்" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"அப்ப நீ ஆச்சுன்னு சொன்னதெல்லாம்?"
நான் எதிரே இருந்த குரங்கைப் பார்த்தேன்.

மிச்சம் பதினோரு வளைவும் பேசவில்லை.

லாட்ஜ் அறையில்
ஈரக் கம்பளி வாசம்.
ஜன்னலை மூடியும் பனி எப்படியோ உள்ளே வந்தது.
"இங்கயா?"
"இன்னும் கொஞ்சம் மேல."
"இப்ப?"
"மெதுவா. வெடியா வைக்கிற?"
சிரித்துவிட்டான். நானும்.
சிரிக்கையில் உடம்பு இளகும் என்பது
எந்தப் பாடத்திலும் இல்லை.
வெகுநேரம் கழித்து
"ஆச்சா?" என்றான்.
"இல்ல" என்றேன்.
பதினாறு வருஷத்தில்
அந்தக் கேள்விக்குச் சொன்ன முதல் உண்மை.
அவன் கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை
கோட்டின் முனையில்
மற்ற எட்டுக்கும் உள்ள அதே எழுத்தளவில்
கிளிட்டோரிஸ் என்று அடித்தேன்.
நசீமா பென்சிலால் ஒரு டிக் போட்டாள்.
பிறகு, யாரும் கேட்காமலே,
தனக்கென்று ஒரு பிரிண்ட் எடுத்து
நாலாக மடித்து
டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.