மூன்றாம் அளவு

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, பழைய கட்டடம்,
மாடிப்படிக்கு அடியில் எங்கள் அறை.
காலை எட்டரை.
டீ குடிக்காமல் வந்திருக்கிறார்
அமிர்தகடேசன், வயது ஐம்பத்து மூன்று,
பொதுப்பணித் துறை லஸ்கர்.
வெட்டாற்றில் ஒன்பது கண் மதகு இவர் பொறுப்பு.

நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி
ஆய்வுமுனையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடுகிறேன்.
மண்டை ஓட்டில் எலும்பு மெலிந்த அந்த ஓரிடம்தான் எனக்கு ஜன்னல்.
ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில்
சிக்குகிறது நடுமூளைத் தமனி:
உஷ்… உஷ்… உஷ்…
மதகுச் சத்தம் மாதிரி இருக்கே என்பார் என்று காத்திருந்தேன்.
அவர் கேட்டது: "பாம்பா?"

முகமூடியை இறுக்கி
நூற்றுக்கு ஐந்து பங்கு கரியமிலவாயு திறந்துவிடுகிறாள் பர்வீன்.
வெளிமூச்சில் வாயு ஏறுகிறது,
முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு.
உள்ளே குழாய்கள் நெகிழ்கின்றன,
ரத்தம் விரைகிறது.
எவ்வளவு வாயுவுக்கு எவ்வளவு விரைவு?
இந்த ஒரு வகுத்தலுக்குத்தான்
நான்கு வருடம், ஒரு வங்கிக் கடன்,
ஒரு முறிந்த நிச்சயதார்த்தம்.

செவ்வாய்க்கிழமை மூன்று புள்ளி ஒன்று.
வியாழக்கிழமை, அதே மணி, அதே கட்டில்,
அதே வெறும் வயிறு, அதே தலை:
ஒன்று புள்ளி ஒன்பது.

இரண்டு நாளில் ஒரு மூளை இவ்வளவு மாறுமா?
என் கைதான் அரை டிகிரி நழுவியதா?
பயத்தில் வேகவேகமாய் மூச்சு வாங்கி
தொடங்கும் முன்பே வாயுவை ஊதித் தள்ளிவிட்டாரா?
பர்வீன் குனிந்து பார்த்துச் சொன்னாள்:
"மீசை, மேடம்."

அடர்ந்த, முறுக்கிய, நரை கலந்த மீசை.
அதன் மேல் முகமூடி ஒரு நூலளவு தூக்கி நிற்கிறது.
அறைக்காற்று உள்ளே வருகிறது,
கணக்கு வெளியே போகிறது.

எடுத்துவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது?
ஒன்பது பக்க ஒப்புதல் படிவத்தில் அதற்கு வரி இல்லை.
வாசலின் தடவினோம். நாடா ஒட்டினோம்.
பஸ் காசு இருநூறு கொடுத்து
அடுத்த வாரம் இன்னொரு முறை என்றேன்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.
மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டது,
முறை வைத்து விடுகிறார்கள்,
ஆள் மதகிலேயே கிடப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.
பட்டியலில் 'விலகினார்' என்று எழுதினேன், பென்சிலால்.

இருபதாம் நாள் கதவு தட்டினார்.
மீசை இல்லை.
மேலுதடு வெயில் காணாத நிறத்தில் வெளிறியிருந்தது.
எனக்குள் ஒரு சின்னத் துள்ளல்.
"எங்களுக்காகவா எடுத்தீங்க!" என்றே கேட்டுவிட்டேன்.

"இல்லைம்மா. தம்பி.
தலைஞாயிறுல. நேத்துதான் கருமாதி."

படிவம் கையில் இருந்தது.
டீ? இல்லை.
புகையிலை? இல்லை.
உறக்கம்?
கொஞ்சம் யோசித்தார். "படுத்தேன்" என்றார்.
இன்றைக்கு வேண்டாமே என்றேன்.
"பஸ் ஏறி வந்துட்டேன்ல. எடுத்துருங்க."

முகமூடி கச்சிதமாய்ப் பொருந்தியது.
பொட்டுக் கசிவு இல்லை.
அலைகள் ஒவ்வொன்றும் பாடப்புத்தகத்துப் படம்.
நடுவில் ஒரே ஒரு முறை,
பர்வீன் எந்த வாயுவும் திறக்காதபோது,
மூச்சு நின்றது.
கோடு தட்டையானது.
பதினோரு விநாடி.
அடுத்த வெளிமூச்சில் வாயு உயர்ந்து வந்தது,
ரத்தம் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தது.
பர்வீன் திரையைப் பார்த்தாள்.
நான் ஜெல் பாட்டிலின் மூடியைத் தேடினேன்.

இப்படிப்பட்ட துண்டை வெட்டி எடுக்க விதி உண்டு.
வெட்டினால் இரண்டு புள்ளி ஆறு.
வெட்டாவிட்டால் இரண்டு புள்ளி எட்டு.
வெட்டினேன்.
மூன்று அளவுகளில் நம்பத்தக்கது இதுதான்,
யார் கேட்டாலும் சொல்வேன்.
வெட்டிய பதினோரு விநாடி
பெயரிடாத ஒரு கோப்பில் இருக்கிறது,
அழிக்கவில்லை, திறக்கவுமில்லை.

குறிப்பு என்ற கட்டத்தில் என் கையெழுத்து:
மீசை இல்லை. கசிவு இல்லை.