மேற்படி மூவரும் ஒருவரே

பொகவந்தலாவையில் முதல் பஸ்.
மடியில் பிளாஸ்டிக் கோப்பு.
ஜன்னலை நானே மூடினேன்:
சாரல் பட்டால் மை பரவும்,
மை பரவினால் மறுபடியும் அம்மான்,
மறுபடியும் மூன்று மாதம்.

பிறப்புப் பதிவில் அவள் அழகுராணி.
அடையாள அட்டையில் அலகுராணி.
கேட்டு எழுதியவரின் மொழியில்
ழ என்றொரு எழுத்தே கிடையாது,
அவரைக் குறை சொல்ல முடியாது.
கடவுச்சீட்டும் அட்டையைப் பார்த்து அலகுராணி.
கல்யாணப் பதிவில் மட்டும் அழகுறாணி.
அதை எழுதியவர் நம்மவர்தான்.

"முதலில் மூன்று பேரையும் ஒருத்தியாக்குங்கள்"
என்றார் ஹட்டன் நொத்தாரிசு,
கண்ணாடியைத் துடைத்தபடி.

சமாதான நீதவானுக்கு ஹார்ட்வெயார் கடை.
பெயின்ட் டின்களுக்கு நடுவே
சத்தியக் கடதாசியை விரித்து
மேற்படி மூவரும் ஒருவரே என்று வாசித்தார்.
"உமக்கு நிச்சயந்தானே?"
பதினாறு வருஷம் ஒரே லயக் காம்பரா, ஐயா.
முத்திரை குத்தினார். காசு வேண்டாம் என்றார்.
சும்மா வரக் கூச்சமாயிருந்தது,
அரைக் கிலோ ஆணி வாங்கினேன்.
வீட்டுக்கு ஆகும்.

வீடு என்றால் இன்னும் வீடில்லை.
தோட்டத்தில் ஏழு பேர்ச்சஸ்,
இருவர் பெயரிலும் உறுதி.
இருவரும் வந்து ஒப்பமிட வேண்டும்,
அல்லது வராதவர் அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும்.

அங்கே அவளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு.
வெள்ளிக்கிழமை தூதரகத்துக்கும் லீவு.
மேடத்தின் மகளுக்குக் கல்யாணம் முடிந்து
ஒரு திங்கட்கிழமை அரைநாள் கிடைத்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
"யாரும் வற்புறுத்தவில்லையே? சுயவிருப்பந்தானே?"
என்று கேட்டாராம் அதிகாரி.
"இப்படி ஒருத்தர் என்னைக் கேட்டது இதான் முதல்தரம்"
என்றாள் போனில்.
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
எனக்கும் எதுவும் வரவில்லை.

கடதாசி வந்தது.
தூதரகத்துக் கையொப்பம்
தூதரகத்துக் கையொப்பந்தான் என்று
கொழும்பில் ஒருவர் கையொப்பமிட்டார்.
அவருடையதை யார் உறுதிப்படுத்துவது?
கேட்டிருப்பேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நானுஓயா ரயிலில், நின்றபடியே வாசித்தேன்.
அலகுராணி ஆகிய நான்
எனது கணவர் தவசீலனை நியமித்து,
எனக்காகவும் என் பெயராலும்
அவர் செய்வன யாவற்றையும்
நானே செய்தவையாக ஏற்றுக்கொள்கிறேன்.

யாவற்றையும்.
போன தைப்பொங்கலுக்கு முன்பு
அவள் சங்கிலியை அடகு வைத்தேனே,
அதுவும் இதில் சேருமா?
நொத்தாரிசிடம் கேட்கவில்லை.
கடதாசியை மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்தேன்.

ஒப்பத்தைப் பார்த்தேன்.
போகும்போது எழுத்தெழுத்தாகக் கூட்டி எழுதியவள்
இப்போது ஒரே இழுப்பில் எழுதியிருக்கிறாள்.
அதிலும் அலகு.
"ழ போட்டிருக்கலாமே புள்ள"
என்றதற்குச் சிரித்தாள்:
"அழகு எதுக்கு?
அலகு இருந்தாத்தானே கொத்தித் திங்கலாம்."

உறுதி கொடுத்த நாள் தோட்ட மைதானத்தில் மழை.
தார்ப்பாய்க்குக் கீழே மேசை.
"ஆள் எங்கே?" என்றார் கிளார்க்.
கோப்பைத் திறந்து காட்டினேன்.
ஆளைப் பார்க்கிற மாதிரியே
மேலும் கீழும் பார்த்தார்.
பிறகு பேனாவை நீட்டினார்.
என் பெயரை எழுதினேன்.
அவளுக்குரிய கோட்டிலும் என் கைதான் எழுதியது,
கொஞ்சம் நடுங்கி.

அன்று பின்னேரமே போய் நின்றேன்.
நாலு மூலையிலும் நில அளவையாளர் அடித்த முளைகள்,
ஒன்றை மாடு சாய்த்திருந்தது.
போன் போட்டேன்.
"எத்தன அடி?" என்றாள்.
டேப் இல்லை.
குதிகாலுக்கு முன்னால் குதிகால் வைத்து
ஈரப் புல்லில் எண்ணிக்கொண்டே போனேன்,
அவள் காதில் என் மூச்சிரைக்க.
நீளம் அறுபது, அகலம் நாற்பத்தாறு.

"சரி" என்றாள்.
"அது யார் காலடி?
உங்களுதா, என்னுதா?"