இடப்பக்கம்

மின்விசிறியை நிறுத்திவிட்டேன்,
தாடைத்தாங்கியில் ஹயாத்து லெப்பையின் தாடி அசையாதிருக்க.
ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
அதன் கிழிசலில் மட்டும் உள்துறைமுகம், ஒரு நூலளவு.

திரையின் இடப்புறம் ஒரு கோடு, சிமிட்டும் நேரம்.
"நிக்குதா, கிடக்குதா?"
"ஒண்டும் தெரியல்ல புள்ள."
"சும்மா ஒண்டச் சொல்லுங்க."
"கிடக்கு."
கிடந்தது.

பனி மூடும் ஊரொன்றில் பதினொரு வருடம்
பூனைகளின் பின்மூளையில் காது வைத்திருந்தேன்.
மயிரினும் மெல்லிய மின்வாய், ஒற்றைக் கலம், ஒலிபெருக்கி.
சாய்ந்த கோடு கடந்தால் கடுகு வெடிக்கும்.
நேர்க்கோட்டுக்கு மௌனம்.
அந்தக் கலத்துக்கு உலகமென்பது ஒரு சாய்வு, அவ்வளவுதான்.
பூனைகளுக்கு நான் பெயர் வைத்ததில்லை.
பொய். ஒன்றுக்கு வைத்தேன். மஞ்சு.

முகம் எப்படி முகமாகிறது என்று கேட்டவர்களுக்கு
இன்னும் ஓரங்களில்தான் நிற்கிறோம் என்றேன்,
அறுபத்து மூன்று கட்டுரைகளில்.

இவருக்குப் பின்மண்டையில் வலப்புறம் ஒரு சன்னம், பருப்பளவு.
தொண்ணூறில், கொட்டியாரக் குடாவில், வலை இழுக்கும்போது.
கண்கள் இரண்டும் பழுதில்லை.
இடப்பக்க உலகம் மட்டும் போயிற்று.
யார் சுட்டதென்று அவர் சொல்லவில்லை.
என் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

நூற்றுக்கு எண்பத்து மூன்று சரி.
காட்டினேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு.
"அப்ப நான் பொய் சொல்றனா?"
"இல்ல. நீங்க காணல்ல.
உங்களுக்குள்ள வேற ஒருத்தர் காணுறார்.
மூளையில பழைய பாதையொண்டு இருக்கு,
தவளைக்கும் இருக்கிற பாதை..."

அவர் சாரனின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.
"அவன்ட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்க.
அண்டைக்கு என்ட தம்பி தோணில இடப்பக்கம்தான் இருந்தான்.
சன்னம் பட்ட பிறகும் கொஞ்ச நேரம் இருந்தான்.
எனக்கு முகம் தெரியல்ல.
அவன் கண்டானா?"

திரையில் அடுத்த கோடு தானாக வந்தது, போனது.
நான் எதையும் அழுத்தவில்லை.

கோட்டை வீதியில் வெயில்.
பஸ்ஸுக்குப் பிந்துமென்று முன்னால் நடந்தவர்
சட்டென்று நின்று, ஓரடி பின்வாங்கி, என் செருப்பை மிதித்தார்.
இடப்புறமிருந்து புள்ளிமான் ஒன்று,
வாயில் தேர்தல் சுவரொட்டியின் பாதி,
அவர் முழங்காலை உரசுவதுபோல் கடந்தது.

"மான்" என்றேன்.

"எங்க?" என்றார்.