கடைமடை இல்லாத இடம்

ராத்திரி முழுக்கக் கணினியில் செருகி வைத்தேன்.
சிதறியதெல்லாம் ஒன்றுசேர்ந்து
நூறு சதவீதம் என்றது.
இருந்தும் இந்த இழவெடுத்த போன்
மூழ்கிய சம்பாவின் படத்தைத் திறப்பதற்குள்
டீ ஆறிவிடுகிறது என்றேன்.

முத்துப்பேட்டை அபுதாகிர் சிரிக்கவில்லை.
உங்க நிலம் எத்தனை துண்டு?

மூணு. பாகம் பிரித்ததில்
வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒன்று,
ரயில் பாதை தாண்டி ஒன்று,
இன்னொன்றுக்குச் சித்தப்பா வரப்பில்தான் போகணும்.
அவரோடு பேச்சில்லை.

அங்க நடக்கணும். கார்டுக்குள்ள நடக்க ஆளில்லை,
தட்டும் சுத்தாது, முள்ளும் கிடையாது.
எந்த மூலைன்னாலும் ஏறக்குறைய ஒரே நேரம்.
தலைமடை, கடைமடை இல்லை.
சும்மா அள்ளி அள்ளி அடுக்கினா
கார்டுதான் தேயும்.
இது தேஞ்சிடுச்சு.

கடைமடை இல்லை.
ஜூனில் மேட்டூர் திறந்தால்
ஆடி போய்த்தான் மண் நனையும் எங்களூருக்கு
அந்தச் சொல்லைக் கொண்டுபோக வேண்டும்போல் இருந்தது.

புதுசு நானூற்று ஐம்பது.
படங்கள் ஒவ்வொன்றாக மாறின.
முந்நூற்றுப் பன்னிரண்டில்
ஒன்று மட்டும் திறக்கவில்லை:
ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வயல்,
இடுப்பளவுத் தண்ணீர்.
காப்பீட்டுக்காரர் கேட்பது
அதைத்தான்.